முகம் குப்புற

பதினோரு முறை செத்திருக்கிறேன்.
எல்லாமே குப்புற.
முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் சாக முடியாது.
அதனால் நாரிஸ் இபட்சன் என்கிற என்னை
தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது.
அதற்கு முன் முப்பது வருஷம்
ஷ்ராப்ஷயர் வீடுகளில், மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்து
கேஸ் மீட்டர் குறித்தவன்.
குனிவதும் கிடப்பதும் பழக்கம்.

வாத்துக் குளத்தில் ஒரு தடவை,
தண்ணீர் என்றால் நாற்பது பவுண்டு கூடுதல்.
தேவாலயத்தில், கழுத்தில் மணிக்கயிற்றோடு.
பாலாடைக்கட்டிப் போட்டியில்
நடுவர் மேசைமேலேயே,
முதல் பரிசு வாங்கிய கட்டி என் முதுகில்.

கதை இவ்வளவுதான்.
அவர் ஆம்ப்ரோஸ், நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறவர்.
அவர் மனைவி டிலிஸ், பாத வைத்தியம் பார்க்கிறவள்,
காலைப் பிடித்தே உண்மையை வாங்குகிறவள்.
போலீஸ் வருவதற்குள் இருவரும் வந்துவிடுவார்கள்.
அவர் என் கோட்டுப் பையில் கைவிட்டு
தவணை கடந்த புத்தகம் ஒன்றை உருவி
அபராதக் கணக்குப் போடுவார்.
அவள் மண்டியிட்டு, என் காலுறையைக் கழற்றி,
செத்தவன் கடன்காரனா, கள்ளக் காதலனா,
இடப்பக்கம் சாய்ந்து நடந்தவனா என்று
உள்ளங்காலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.
இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்க மாட்டார்.
அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

எனக்குக் கூச்சம் அதிகம்.
கட், பிணம் அசையுது, மறுபடி.
இயக்குநருக்குத் தொண்டை கட்டியது என்னால்தான்.

ஆறாவது சாவில்
ஆம்ப்ரோஸாக நடிக்கும் கிளெமென்ட் கார்சைட்
காட்சிக்கு முன்னால் என் காலருகில் வந்து உட்கார்ந்தார்.
"பாதத்தில் நீலம் போதவில்லை, நானே பார்க்கிறேன்" என்று
ஒப்பனைப் பெண்ணை அனுப்பிவிட்டு
பேனாவை எடுத்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டு
ஒவ்வோர் எழுத்தாய்த் தோலால் படித்தேன்.
வசனம். அவளுடைய வசனம்.

டிலிஸாக நடிக்கும் ஹானர் டில்னி
காலுறையைக் கழற்றினாள். ஒரு கணம் நின்றாள்.
பிறகு கடகடவென்று சொன்னாள்
கமா பிசகாமல்.
மூன்று காமிரா, நாற்பது பேர்,
ஒருவருக்கும் தெரியவில்லை.
எனக்குத் தெரியும். ஆனால் நான் செத்திருந்தேன்.

வீட்டில் பெரில் கேட்டாள்:
குதிகாலில் என்ன, மையா?
தொழில், என்றேன்.
அவள் பார்த்த பார்வையில் டிலிஸ் தோற்றாள்.
மறுநாள் குளியல் தொட்டி விளிம்பில்
ஒரு நுரைக்கல் இருந்தது.

எட்டாவது சாவில் இடது பாதம் போதவில்லை,
வலதையும் கேட்டார்.
ஒன்பதில் கணுக்கால் வரை ஏறியது பேனா.

பதினொன்று, தொடரின் கடைசி அத்தியாயம்.
சைடர் கொட்டகை. அழுகிய ஆப்பிள் வாசனை.
என் காதுக்குள் ஓர் எறும்பு.
அன்று பேனா வெகுநேரம் காற்றில் நின்றது,
பிறகு வலது காலில் நாலே வரி.
எறும்பைக் கவனித்ததில் எனக்கு விட்டுப்போயிற்று.
அவள் படித்தாள்.
எழுதியே இராத எதையோ சொல்லிச் சிரித்தாள்.
அவரும் எதையோ சொன்னார்.
இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார்.
ஒரே தடவையில் ஓகே.

ராத்திரி, தொட்டியில்,
சவரக் கண்ணாடியைப் பாதத்துக்கு எதிரே பிடித்தேன்.
அறுபத்து மூன்று வயது முழங்கால் முனகியது.
எழுத்துகள் இடம்வலம் மாறி:

நீ டிலிஸ்.
நான் ஆம்ப்ரோஸ்.
இவன் செத்துவிட்டான்.
மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.
நுரைக்கல்லை எடுத்தேன். வைத்தேன்.
வலது காலைத் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு
இடது காலை மட்டும் தேய்த்துக் கழுவினேன்.