மட்டம்

இந்த ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கிறது.
அதுதான் எங்கள் முதல் தலையிடி.

கழிவுநீர் சரிந்துதான் போகும்.
இருநூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் கேட்கிறது வரைபடம்.
இருதயபுரத்துத் தெரு தருவதாயில்லை:
முதல் மேன்ஹோல் மூடியும் பதினோராவது மூடியும்
ஒரே உயரம், சோற்றுக் கோப்பை கவிழ்த்த மேசை.
ஆகவே சரிவை ஆழத்தில் செய்துகொள்ள வேண்டும்.
தொடக்கத்தில் ஒரு மீற்றர் பத்து.
அறுநூறு மீற்றர் தள்ளி, வாவிப் பக்கம்,
நாலு மீற்றர் பத்து.

இரண்டாவது குழியிலேயே தண்ணீர்.
மறுகா மணல்.
பெக்கோ ஒரு வாளி அள்ள
பக்கத்தில் இரண்டு வாளி சரியும்.
"இது மண் இல்ல மிஸ், சீனி" என்றான் பியதிஸ்ஸ,
பொலன்னறுவையில் பாறை கிளப்பிப் பழகியவன்.

இரும்புத் தகடு அடித்து இறக்கினோம்.
மீற்றருக்கு ஒரு குழாய்முனை குத்தி
இரவு பகலாக நிலத்தை உறிஞ்சினோம்.
நிஃமத்துல்லா பம்புக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்.
சத்தத்துக்கு எழும்பமாட்டார்,
சத்தம் நின்றால் எழும்பிவிடுவார்.

ஆறாம் நாள் மரியநாயகி வந்தார்.
வாளி இல்லை. கயிறு மட்டும்.
அதில் ஒரு முடிச்சைக் காட்டினார்.
"எப்பவும் இவ்வளவுதான்கா விடுவன்.
இப்ப இன்னும் மூண்டு முழம். அதுக்குக் கீழ சேறு."

வேலை தொடங்குமுன் நாங்கள் எடுத்த படங்களில்
அவர் சுவர் இருக்கிறது,
ஒவ்வொரு வெடிப்புக்கும் இலக்கம் இருக்கிறது.
கிணற்றை யாரும் எண்ணவில்லை.
குழாய்நீர் இணைப்புள்ள வீடு என்கிறது படிவம்.
"அது குடிக்க. இது குளிக்க, கழுவ, செவ்வரத்தைக்கு.
மீற்றர் ஓடாத தண்ணி மிஸ் இது."

முன்னேற்றக் கூட்டம்.
பம்பை நிறுத்தினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்று
கொந்தராத்துக்காரர் தாள் நீட்டினார்.
மாரிக்கு முப்பது நாள்.
கிணறு வேலை எல்லைக்குள் வராது என்றார் ஆலோசகர்,
ஆமை வடையைப் பிட்டபடி.
பவுசர் அனுப்பச் சொன்னேன்,
ஒன்றுவிட்ட ஒரு நாள், எட்டு வீட்டுக்கு.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்றார் கணக்காளர்.
தூசி தணித்தல் என்றேன்.
அந்த மாதம் முழுவதும்
எட்டு வீடும் தூசியாக இருந்து குளித்தன.

மழை முப்பது நாள் பொறுக்கவில்லை.
ஒன்பதாவது பத்தியில் மூடாத பைப் ஐந்தும்
விடியற்காலை மிதந்துகொண்டிருந்தன,
யாரோ கட்டிவைக்க மறந்த தோணிகள்.
யோகராசா இடுப்பளவில் இறங்கி
ஒன்றைத் தோளில் பிடித்துக்கொண்டு நின்றான்,
எதற்கென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும்.
திரும்ப முதலிலிருந்து: சல்லி, லெவல், லேசர், சல்லி.

கார்த்திகையில் சாயம் ஊற்றினோம்.
முதல் மேன்ஹோலில் பச்சை.
பதினோராவதைச் சுற்றி எட்டுத் தலைகள்,
குழிக்குள் பிறை பார்ப்பவர்கள் போல.
பத்தொன்பது நிமிடம்.
வந்தது: கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மணல்,
ஒரு பிஸ்கட் உறை.
மூடியைப் போட்டோம்.
அதன் மேலே ஒரு ஓட்டோ ஏறிப் போனது,
வேகம்கூடக் குறைக்கவில்லை.

பம்பு நின்ற இரவு
நிஃமத்துல்லா நித்திரை இல்லாமல் கிடந்தாராம்.

மரியநாயகி வீட்டுக்குப் போனேன், அளவுநாடாவோடு.
கிணறு வாய்வரைக்கும் நிறைந்து கிடந்தது.
மாரி எல்லாக் கணக்கையும்
ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தது.
ஊற்று திரும்பியதா, வெறும் மழையா,
எந்த நாடாவாலும் சொல்ல முடியாது.

"ஆவணியில வாங்க" என்றார்.
"அப்பதான்கா தெரியும்."
கயிறு கப்பியில் ஈரமாகத் தொங்கியது,
முடிச்சு அப்படியே.

ஒப்பந்தப்படி குறை திருத்தும் காலம் ஒரு வருடம்.
டயறியில் ஆவணியைத் தேடி
ஒரு சொல் எழுதினேன்:
கயிறு.