பார்வையாளர் வாங்கு

சபை மண்டபத்தின் பின்சுவரோரம்
ஒரு வாங்கு கிடந்தது.
அதன்மேல் கட்டுக்கட்டாய்க் கோப்புகள்,
இறக்கை உடைந்த மின்விசிறி,
ஏதோ விழாவில் மிஞ்சிய காய்ந்த தோரணம்.
எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கிவிட்டு
நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

தவமலர் அராலிச் சந்தையிலிருந்து நேரே வந்தவள்,
புறங்கையில் செதில் காயவில்லை.
ஜொய்சியின் மடியில் பிள்ளை.
என் கைப்பையில் அளவு நாடா,
சட்டை தைக்க எடுக்கிற அதே நாடா.

செயலாளர் கூட்டறிக்கை வாசித்தார்:
"கேணியடி ஒழுங்கை மதகு. வேலை முடிவுற்றது."
ஒருவரும் நிமிரவில்லை.
தாள் புரண்டது.

எழும்பினேன்.
பொய் சொல்லக்கூடாது, நடுங்கித்தான் எழும்பினேன்.
கார்த்திகை மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப்
பத்தொன்பது அங்குலம்.
ஆறாம் நாள் இருபத்துமூன்று.
பிள்ளையள் வெள்ளைச் சப்பாத்தைக்
கழுத்தில் கொளுவிக்கொண்டு கடந்த அன்று
இருபத்தாறே கால்.
முடிஞ்ச மதகிலை தண்ணி ஏன் ஐயா நிக்குது?

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நீங்கள் எந்தக் கட்சி, தங்கச்சி?"
"கேணியடி ஒழுங்கை."
தவமலர் சிரித்தது ஒலிவாங்கியிலும் கேட்டது.

பார்வையாளர் பேசக்கூடாதாம்.
விதியை எடுத்து வாசித்தார்கள்,
இலக்கத்தோடு, இரண்டு தரம்.
சரி, இருந்தேன்.

எங்கள் வட்டாரத்து உறுப்பினர்
கைபேசிக்குள் குனிந்திருந்தார்.
மாசியில் படலை படலையாய் வந்து
கும்பிட்ட மனிசன்.
அன்று சின்னிவிரலில் பூசிய மை
மாவரைத்து, மீன்வெட்டிக் கழுவ
இரண்டு கிழமையில் போய்விட்டது.
அதோடு எங்கள் வேலையும் முடிந்ததென்றுதான்
நாங்களும் இருந்துவிட்டோம்.

ஐந்து பேரும் அவரையே பார்த்தோம்.
பார்க்கக்கூடாதென்று விதியில்லை.
ஜொய்சியின் பிள்ளைகூடப் பார்த்தது.
முதலில் அவர் பிடரியைச் சொறிந்தார்,
தண்ணீர் குடித்தார்,
பிறகு, வேறு வழியில்லாமல்,
கை மெல்ல உயர்ந்தது.

தையில் குழாய்கள் வந்திறங்கின.
திட்டத்தில் மூன்றடி அகலம்.
நாடாவை வாயில் பிடித்துப் பார்த்தேன்,
இரண்டரை.
"அக்கா, உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"
என்றான் மேற்பார்வைப் பெடியன்.
இருக்கு தம்பி,
நாளைக்குள் ஆறு பள்ளிச் சட்டை முடிக்கவேணும்.

அடுத்த கூட்டம் வரும் வியாழன், ஒன்பதரைக்கு.
இந்நேரம் அந்த வாங்கில்
மறுபடியும் கோப்புகளை ஏற்றியிருப்பார்கள்.
இறக்க ஆள் வேணும்.