பின்யோசனை

எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் வண்டிக்கு
எல்லாமே பின்யோசனைதான்.
முன்சக்கரங்கள் வளைவை முடித்து
அடுத்த ஊரை நினைக்கும்போது
பின்பாதி இன்னும்
பழைய ஊரோடு வாதாடிக்கொண்டிருக்கும்.

போன செப்டம்பரில்
விஸோவிட்ஸேவுக்கு இறங்கும் சாலையில்
வாதம் முற்றியது.
பயந்தேன். பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.
மூக்கு குனிந்தது, பிட்டம் எழுந்தது,
வெளிச்சக்கரம்
சுளுக்கிய கணுக்காலாய் உள்ளே மடிந்தது.
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடியே
ஒரு பிளம் மரத்தில் போய்ச் சாய்ந்தோம்,
நானும், என் அக்கா விளாஸ்தாவும்,
எழுபத்திரண்டில் பிறந்த கடுகுமஞ்சள் ஸ்கோடாவும்.

திறந்த ஜன்னல் வழியே
அவள் மடி நிறையப் பழங்கள்.
ஒரு கீறல் இல்லை.
ஒரு வார்த்தையும் இல்லை.
பழங்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வெளியே வைத்துவிட்டு
பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

பனிக்காலம் முழுக்க வண்டிக்கடியில் கிடந்தேன்.
அட்டை விரித்து, மூக்கில் எண்ணெய் சொட்ட.
மல்லாந்து பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம்:
அந்த அச்சுக்குத் தோள் மட்டும்தான் உண்டு,
மணிக்கட்டு கிடையாது.
உடல் தூக்கினால் சக்கரம் ஒடுங்கும்,
ஒடுங்கினால் உடல் இன்னும் தூக்கும்.
முன்னே போனால் கடிக்கும்,
பின்னே போனால் உதைக்கும் என்பார்களே,
இது உள்ளே உட்கார்ந்திருப்பவரையே உதைக்கும்.

வேலிக்கு மேலிருந்து ஸ்திபோர் சொன்னான்:
"முன்னால ஒரு மூட்டை சிமெண்ட் போடு."
மழையில் நனைந்தால்?
"கல்லாயிடும். இன்னும் நல்லது."

சிமெண்ட் போடவில்லை.
சுருள்வில்லில் ஒன்றேகால் சுற்று அறுத்தேன்.
(அளந்தேன், மறுபடி அளந்தேன், சிகரெட் பிடித்தேன், அறுத்தேன்.)
தீயணைப்பு நிலையத்தில் கழித்துப்போட்ட குழாயில்
இரண்டு முழம் வாங்கி
அச்சுக்கு அரைஞாண் கட்டினேன்,
இதற்கு மேல் தொங்காதே என்று.
காற்று: முன்னே ஒன்று புள்ளி ஆறு,
பின்னே இரண்டு புள்ளி ஒன்று.

ஜாக்கியிலிருந்து இறக்கினால்
சக்கரங்கள் அப்படியே ஒடுங்கி நிற்கின்றன,
சிறுநீரை அடக்கும் பிள்ளை போல.
நான்கு மாதம் வீண் என்று
ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் விளாஸ்தா உள்ளே வந்தாள்,
கிறிஸ்துமஸுக்கு வாங்கிப்போன வாணலியைத் திருப்பித் தர.
"தள்ளிப் பாத்தியா?" என்றாள்.
இருவரும் தள்ளினோம்.
பத்தடியில்
வண்டி மெல்லக் கால் அகட்டி உட்கார்ந்தது.

அவள் ஸ்லீன் நாடக அரங்கில் உடை தைப்பவள்.
ஊசியைத் தவிர எதையும் நம்பாதவள்.
சக்கரத்தின் மேல் தூக்குநூலைத் தொங்கவிட்டாள்,
நூலுக்கும் மேல்விளிம்புக்கும் இடையில்
தையல் டேப்பை நுழைத்தாள்.
"இடது ஏழு. வலது ஒன்பது.
இப்படி ஒரு பேண்ட் தைச்சுக் குடுத்தா
ராஜா வேஷக்காரன் மூஞ்சியில எறிவான்."
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளும் வந்தாள்.

ஏப்ரலில், கேட்காமலே
முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.
தொடைகளுக்கு நடுவே ஒரு தேநீர் பிளாஸ்க்.
மடி காலியாக இருக்க வேண்டும் போல.

அதே இறக்கம். அதே வளைவு.
பிளம் மரம் பூத்திருந்தது,
பட்டையில் என் கடுகுமஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.
என் வலது கால் எழப் பார்த்தது.
செப்டம்பரை அந்தக் கால் மறக்கவில்லை.
அப்போது என் முழங்காலில் அவள் கை.
அழுத்தமில்லை, ஆறுதலுமில்லை.
துணி நகராமலிருக்க
தையல் மெஷின் முன்னால் வைப்பாளே, அந்தக் கை.

கால் எழவில்லை.
பின்பாதி தாழ்ந்தது, தரையைப் பிடித்தது,
எதிர்ப்பேச்சில்லாமல்
எங்கள் பின்னாலேயே வந்தது.

ஊர் வரும்வரை அவள் பேசவில்லை.
பிளாஸ்க்கைத் திறந்தாள், எனக்கு முதலில் ஊற்றினாள்.
"இடது பக்கம்," என்றாள்,
"இன்னும் ரெண்டு மில்லிமீட்டர்."