டச்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு டச் பார்ப்பவன் நான்.
கொலுசுத் துண்டைக் கல்லில் உரசி
ஆசிட் ஒரு சொட்டு விட்டு, நிறம் பார்த்து எண் சொல்வேன்:
எழுபது. அறுபத்தைந்து.
இது வெள்ளியே இல்லை, எடுத்துக்கொண்டு போ.

கடை மூடிய பின்
அதே விளக்கு, அதே லென்ஸ்.
கீழே கையெழுத்துகள்.

முப்பத்தேழு புத்தகங்கள்.
எல்லாம் போர் விமானிகளின் வாழ்க்கை,
எல்லாவற்றிலும் அவரவர் கைப்பட ஒரு வரி.
நான் விமானம் ஏறியதில்லை.
காமலாபுரத்தில் இறங்குவதை
ஓமலூர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பதோடு சரி.
எதற்கு இதெல்லாம் என்று வசுமதி கேட்டதில்லை,
விலையை மட்டும் கேட்பாள்.
பாதி சொல்வேன்.
பாதி என்று அவளுக்கும் தெரியும்,
மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வாள்.

பர்மா வானில் பறந்த ஒருவர்
பெயரின் கடைசி எழுத்தை
ஓடுபாதை தீரும்வரை இழுத்திருக்கிறார்.
வலது கை வெந்துபோன ஒருவர் இடது கையால்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில்.
எழுபத்தொன்றில் எரியும் விமானத்திலிருந்து குதித்தவர், பச்சை மையில்:
'டாக்டருக்கு, என் முதுகைத் திருப்பித் தந்ததற்காக.'
அந்த டாக்டர் வீட்டில் யார்
இதைப் பழைய பேப்பருக்குப் போட்டது?

ஸ்குவாட்ரன் லீடர் லயனல் ரொசாரியோ மட்டும் இரண்டு பிரதி.
ஒன்று தபாலில் வாங்கியது.
மற்றது ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது
கிலோக் கணக்கில் வந்தது, காப்பித்தோல் வாசனையோடு.
அதில் தேதி: மார்ச் 1996.
அவர் இறந்தது தொண்ணூற்று நாலில்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி.
பதினான்கில் காது அடைத்தது.
பதினெட்டில் பக்கத்து சீட்டுப் பையன் வாந்தி எடுக்க
புத்தகப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

நாகலூர் போகும் வழியில் வீடு.
சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி.
ஒலிவ் ரொசாரியோ,
காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார்.
இரண்டையும் மேஜைமேல் வைத்தேன்.
'எது அவருடையது? நீங்களே சொல்லுங்கள்.'

லென்ஸை எடுத்தேன்.
மையின் அழுத்தம், பேனா தூக்கிய இடம்,
திரும்பும் வளைவில் தயக்கம்.
கால் மணி நேரம் கழித்து, 'இது.'

'ரெண்டும் நான்தான்.'

புத்தகம் அச்சாகி வந்தபோதே அவருக்குக் கை நடுக்கமாம்.
ஸ்பூன் வாய்க்குப் போகாதாம்.
நானூறு பிரதி.
ஆளுக்கேற்ற வரியை அவர் சொல்ல இவர் எழுதினாராம்.
'அவர் போன பிறகும் பார்சல் வந்தது,
திருப்பி அனுப்ப ஸ்டாம்பும் வைத்து.
வெறும் புத்தகத்தை எப்படி அனுப்புவது?'

அவர் கைப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார்.
தொண்ணூற்று மூன்று, ஜூலை.
'ஒன்றரை லிட்டர். பாக்கி நாலு ரூபாய்.'
எழுத்து, ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் மழைத்தண்ணீர் போல
மேலும் கீழும் போயிருந்தது.
லென்ஸ் தேவைப்படவில்லை.
விலை கேட்கவில்லை.
அவரும் அதைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை.

சுத்த வெள்ளியில் கொலுசு நிற்காது, வளையும்,
செம்பு சேர்த்தால்தான் தாங்கும் என்று
நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்.
அன்று இரவு என் பதிவேட்டில்
ரொசாரியோவுக்கு நேரே பேனாவை வைத்தேன்,
எண் எதுவும் எழுதவில்லை.

'இது எவ்வளவு?' என்றாள் வசுமதி.
முதல்முறையாக முழு விலையையும் சொன்னேன்.
அவள் வழக்கம்போல்
இரண்டால் பெருக்கிக்கொண்டாள்.