ஒற்றை றூள் கொப்பி

முதலில் ஒரு செவ்வகம்.
மூன்று மூலைகளை உருட்டினேன்,
நான்காவது மடங்கப்போகிற மூலை, அதைத் தொடவில்லை.
வெள்ளை என்கிறோம், தாள் வெள்ளையில்லை;
வறுத்த ரவையின் நிறத்தில் ஒரு சொட்டு வேண்டும்.
நீலக் கோடு ஒன்று வரைந்தால் போதும்,
கொன்ட்ரோல் டி, கொன்ட்ரோல் டி என்று
இருபத்தாறு கோடுகள் பிறந்து
பாடசாலைக் காலைக் கூட்டம்போல் நிற்கும்,
ஒருவரும் மூக்குச் சொறியாமல்.
ஓரத்தில் சிவப்பு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, பின்னறை.
கடலோரம் ரயில் போகும்போது
மேசை நடுங்கும், தேத்தண்ணி நடுங்கும்,
திரையில் கோடு மட்டும் நடுங்காது.

கம்பிச் சுருள்தான் கஷ்டம்.
ஒரு வளையத்தில் எட்டுப் புள்ளி,
புள்ளிக்கு இரண்டு கை,
ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது திமிறும்.
முன்னால் வருகிற பாதி மேல் லெயரில்,
துளைக்குள் மறைகிற பாதி அடி லெயரில்,
இடையில் தாள்.
கண்ணை ஏமாற்றப் போகிறவளுக்கு
எது எதற்குப் பின்னால் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு இனோக்கா மிஸ் எடுத்தார்:
"நல்லா இருக்கு. ஆனா பிளாஸ்டிக் மாதிரி.
உண்மைக் கொப்பி மாதிரி வேணும்,
பெட்டியப் பார்த்தா கை நீளணும்."
தெமட்டகொடையில் அச்சகம் காத்திருக்கிறதாம்.
வெள்ளிக்குள் வேணுமாம்.

உண்மைக் கொப்பி என்னிடம் ஒன்றுமில்லை.
கீழே இறங்கி நௌசாத் நானாவிடம்
கடன் கொப்பியை அரை மணித்தியாலம் இரவல் கேட்டேன்.
"எதுக்கு மகள்?"
"பார்க்க."
"பார்க்கவா?" என்று
தராசடியிலிருந்து எடுத்து மாவைத் தட்டித் தந்தார்.

மேசை விளக்கின் கீழ் வைத்தேன்.
கடற்காற்று கம்பியைத் தின்றிருந்தது,
மேல் மூன்று வளையங்களின் துரு
தாளில் பிறை பிறையாய் இறங்கியிருந்தது.
அட்டை வயிறு ஊதியிருந்தது.
நிழல் கறுப்பில்லை,
மேசைப் பலகையின் நிறம் அதில் ஏறியிருந்தது.
தேங்காய் எண்ணெய் விரல் பட்ட இடத்தில்
அடுத்த பக்கம் தெரிந்தது,
அடுத்த பக்கத்தில் நான்.

பெயரில்லை. 'மூணாம் மாடிப் படப்பிள்ளை.'
பால்மா, பருப்பு, முட்டை ஆறு, ரீலோட் இருநூறு,
மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
அடியில் இரண்டு கோடு, அடிமட்டம் வைக்காமல்.

இரவு முழுக்க வரைந்தேன்.
துருவுக்கு மூன்று நிறம்,
எண்ணெய்ப் பொட்டை முப்பது வீதத்துக்கு மங்கவைத்தேன்,
மூலைக்கு அடியில் கரைந்துபோகிற நிழல்,
கூட்டத்தில் நின்ற கோடுகளில் நாலைந்தைக்
கொஞ்சம் சரித்துவிட்டேன்.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
விடியப்புறம் ஓர் எறும்பு திரையில் ஏறி
எண்ணெய்ப் பொட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

"ஐயோ, இது பழைய கொப்பி!" என்றார் இனோக்கா மிஸ்.
"யார் வாங்குவா? துருவ எடுங்க, கறைய எடுங்க.
மூலை நல்லா இருக்கு. மூலை இருக்கட்டும்."

எடுத்தேன். அழிக்கவில்லை.
லெயருக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கண்ணை மூடினேன்;
துரு போனது, எண்ணெய் போனது,
பருப்பும் பால்மாவும் போயின.
பெட்டியில் அச்சாகப்போவது
எவரும் தொடாத கொப்பி.

நான் திருப்பிக் கொடுக்கையில்
அரை மணித்தியாலம் ஒரு நாளாகியிருந்தது.
இடையில் வந்த கடன்களையெல்லாம் நானா
ஒரு சோப்பு அட்டையில் எழுதிவைத்திருந்தார்.
ஆயிரத்தை நீட்டினேன்.
பேனையை ஊன்றி என் கணக்கை வெட்டி
மீதி எண்ணூற்று நாற்பது என்று எழுதினார்.
ஊன்றிய ஊன்றலில், தாளைப் புரட்டியபோது
மறுபக்கம் அந்த எண் புடைத்து நின்றது,
மையில்லாமல், தலைகீழாய் அல்ல, இடம்வலமாய்.

அதை நான் வரைந்திருக்கவில்லை.

"நானா, ஒரு நிமிஷம்,
இன்னொருக்கா தாறீங்களா?"