ஒரு முழ உடைப்பு

அணையை முழுக்க உடைக்கக் கூடாது,
ஒரு முழம் போதும் என்பான் எவாரிஸ்தோ.
மண்வெட்டி நுனியால் சேற்றை நெம்பி
குறுக்கே கிடக்கும் நாலு குச்சியை உருவினால்
தண்ணீர் தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

அந்தப் பேச்சுதான் எங்கள் இரை.
களகளவென்று ஓர் உடைப்பு,
அவ்வளவுதான்.
கேட்டால் பீவருக்கு இருப்புக் கொள்ளாது.
அரைத் தூக்கத்தில் இருந்தாலும்
குட்டி மடியில் முட்டிக்கொண்டிருந்தாலும்
வாயில் குச்சி, நெஞ்சோடு அணைத்த சேறு,
வந்துவிடும்
அடைக்க.

அந்த ஒரு முழத்தில்தான் நிற்கிறது
எங்கள் சதுர இரும்பு.

நெருப்பு நிலம் என்று பெயர் இந்தத் தீவுக்கு.
மூன்று காலுறை போட்டும் எனக்கு விரல் மரத்துப்போகிறது.
என் பிறப்புக்கு முன்னால் யாரோ
வடக்கிலிருந்து பத்து ஜோடியைக் கொண்டுவந்து விட்டார்களாம்,
ரோமத்துக்கு நல்ல விலை போகும் என்று.
கரடியையும் ஓநாயையும் ஏற்ற மறந்துவிட்டார்கள்.
அந்தக் காலியிடத்துக்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள்:
மாதச் சம்பளம், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு.
ஓநாய்க்கு
விடுப்பு விண்ணப்பம் கிடையாது என்பது ஒன்றுதான்
எங்களுக்குள் வித்தியாசம்.

அதன் சொந்த ஊரில்
கடித்த மரம் அடியிலிருந்து துளிர்க்குமாம்.
மரத்துக்கும் பல்லுக்கும் ஏதோ பழைய உடன்படிக்கை.
எங்கள் லெங்கா அதில் கையெழுத்துப் போடவில்லை.
கடித்தால் போயிற்று.
வேர் நனைந்தாலும்
நின்றபடியே சாகும்.
பட்டை உரிந்து, வெளுத்து,
பள்ளத்தாக்கு நெடுக,
கிளையில் உட்காரக் குருவி இல்லாமல்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் நாங்கள் காலி செய்த ஓடை ஒன்று உண்டு.
அங்கே லெங்காக் கன்றுகள்
என் கட்டைவிரல் உயரம்.
வேறு வழி இருந்தும்
நான் அப்படிச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

படிவத்தில் எழுதுகிறேன்:
ஆண். பத்தொன்பது கிலோ. வாலின் நீளம், அகலம்.
முன்பல் பழுத்த ஆரஞ்சு நிறம் என்று எழுத
கட்டம் இல்லை.
ஐந்து விரல் உள்ள சின்னக் கை,
அது இன்னும் விடாமல் பிடித்திருக்கும் சேறு,
அதற்கும் இல்லை.
தமாரா பூந்த்தா அரேனாசிலிருந்து கேட்டாள்,
ஓரத்தில் ஏன் கிறுக்குகிறாய் ஓதிலியா, என்று.
பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன் என்றேன்.

இந்தக் குளத்தில் நாலு எடுத்தாயிற்று.
மிஞ்சியது ஒரு கிழட்டுப் பெண்.
இடது காதில் ஒரு கிழிசல்,
நீந்தும்போது தலை சற்றே சாயும்.

ஒன்பதாம் நாள் காலை
உடைப்பு அடைபட்டிருந்தது.
பொறியைக் காணோம்.
வெள்ளம் அடித்துப் போயிருக்கும் என்று
கீழே அரை மைல் தேடினோம்.
திரும்பி வந்து எவாரிஸ்தோதான் கண்டுபிடித்தான்.
குச்சி ஒன்றை நுழைத்துப் பொறியை மூடவைத்து,
மேலே கல், கல்லுக்கு மேல் சேறு,
சேற்றை உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகி,
எங்கள் இரும்பையும் வைத்தே
அணையைக் கட்டியிருந்தது.

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினான்.
வியர்வைக்கா, வேறெதற்கா,
கேட்கவில்லை.
பிறகு இன்னொரு முழம் தள்ளி
மண்வெட்டியைப் பாய்ச்சினான்.

ராத்திரி மழை.
தகரக் கொட்டகையின் மூலையில் எங்கோ ஒழுக்கு.
சட்டியில் விழுகிறது.
டொக்.
நான் உறைக்குள் சுருண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
டொக்.
அறுபதோ எழுபதோ ஆகியிருக்கும்,
எதிர்க் கட்டிலில் பலகை முனகுகிறது.
இருட்டில் எவாரிஸ்தோ
பல்லில் கந்தைத் துணி,
நெஞ்சோடு அணைத்த தார் டப்பா,
ஒழுகும் மூலையை நோக்கி
மெதுவாக நடக்கிறான்.

போகாதே என்று
என் நாக்கு நுனிவரை வந்தது.