ஆறாவது வரி

குலசேகரம் சந்தையைப் பார்த்த மாடி அறையில்
நானும் ரெஜினும் போட்ட மதிப்பீட்டுத் தாளில்
வடிவமைப்பாளர் ஆறாவது வரி.
சர்வர் வாடகைக்குக் கீழே,
இதர செலவுகளுக்கு ஒரு மயிரிழை மேலே.
"எல்லாம் கெட்டி முடிச்சிட்டுக் கூப்பிடுவோம் மக்கா,
பெயின்டரை அஸ்திவாரம் தோண்டவா கூப்பிடுவாவ?"
கேட்கச் சரியாகத்தான் இருந்தது.
கையில் காசும் அவ்வளவுதான் இருந்தது.

ரப்பர் சிறுவிவசாயிகள் சங்கத்துக்கு ஓர் இணையதளம்.
மூன்று மாதம்.
உறுப்பினர் எண், சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை,
வெட்டு தொடங்கிய வருடம்,
பதினான்கு கட்டம் நிரம்பினால்தான் கதவு திறக்கும்.
செயலாளர் ஞானசிகாமணி
ஏசிக்குக் கீழே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பதினான்கையும் நிரப்பிக் காட்டினார்.
கைதட்டினோம்.

பிறகுதான் பினிஷாவுக்குப் போன் போட்டோம்.
கருங்கலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள்.
நிறம் கேட்பாள் என்று
பச்சையில் நாலு வகை எடுத்து வைத்திருந்தோம்.
லேப்டாப்பை அவள் திறக்கவில்லை.
"ஆரு பாக்கது இத?" என்றாள்.
"எப்ப பாக்கது? எங்க நின்னு?"

ரெஜின் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மறுநாள் நாலரை மணிக்கு
பேச்சிப்பாறை ரோட்டோரத் தோட்டத்தில்
லில்லி புஷ்பத்தின் பின்னால் மூன்று பேர்.
அவள் நெற்றியில் விளக்கு.
மரத்துக்கு மரம் ஒரே சாய்வில் இறங்கும் கத்தி.
சிரட்டையில் பால் சொட்டும் சத்தம்,
ரெஜினை மட்டும் தேடிக் கடிக்கும் கொசு.
முந்நூறு மரம்.
வெளிச்சம் வந்தபோது அவள் விரல்களில்
பால் காய்ந்து இன்னொரு தோலாகியிருந்தது.
போனை எடுத்தாள்.
பெருவிரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை.
சுண்டுவிரலையும்.
குனிந்து மூக்கு நுனியால் தொட்டாள்.
திறந்தது.
எங்களுக்குச் சிரிப்பு வந்தது,
அவளுக்கு வரவில்லை. தினமும் செய்வது.

"ஒங்களுக்கு என்ன தெரியணும் அக்கா இதுல?"
"நாளைக்கு மழை உண்டுமா இல்லியா.
ஷீட்டு என்ன வெலை.
வேற எதுக்கு பிள்ளே?"

பதினான்கு கட்டத்தையும் மூக்கால் நிரப்பும் ஒரு பெண்
எனக்குள் வந்து நின்றாள்,
இன்னும் போகவில்லை.

ஷெட்டில் பாலை அரித்து டிஷ்களில் ஊற்றினாள்.
தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலக்கி, நுரையை வழித்தெடுத்தாள்.
ஒரு டிஷ்ஷின் மூலையைத் தொட்டு பினிஷா கேட்டாள்:
"உறைஞ்ச பொறவு இத வட்டமாக்க முடியுமா?"
இதுக்கு என்ன கேடு என்பதுபோலப் பார்த்தாள் லில்லி புஷ்பம்.
"மெஷின்ல குடுத்தா நீளும். அம்புட்டுதான்."
பினிஷா எங்கள் பக்கம் திரும்பவில்லை.
அந்த மட்டுக்கும் நல்லவள்.

இரண்டு வாரத்தில்
எங்கள் மூன்று மாதத்தில் முக்கால்வாசி போயிற்று.
மிஞ்சியது ஒரு கறுத்த திரை,
அதில் மூக்குக்கு எட்டும் அளவில் இரண்டு எண்.
முதலிலேயே கூப்பிட்டிருந்தால்
இரண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு விடியற்காலையும்.
ரெஜின் நாலு நாள் பேசவில்லை,
அவளிடமல்ல, என்னிடம்.
அன்றைக்கே நான் மறுத்திருக்க வேண்டுமாம்.
மறுத்திருக்கலாம்தான்.

இப்போது தக்கலையில் ஒரு கண் ஆஸ்பத்திரி.
புதுத் தாள்.
வடிவமைப்பாளர் என்று முதல் வரியில் அடித்தேன்.
பயந்து நாலாவதுக்கு இறக்கினேன்.
மறுபடி ஏற்றினேன்.
டாக்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.
"மொத வாரம் இந்தப் பிள்ள என்ன செய்யும்?"
"ஒங்க வராந்தால நிக்கும் சார்."
"நிக்கதுக்கா இவ்வளவு?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
மருந்து விட்ட கண்களோடு ஒரு வரிசை.
டோக்கன் திரையில் சிவப்பாக ஏதோ மாறுகிறது.
எல்லோரும் பக்கத்து ஆளைக் கேட்கிறார்கள்,
பக்கத்து ஆளும் மருந்து விட்டவர்.

ரெஜின்தான் சொன்னான்:
"நிக்கதுக்குத்தான் சார்."
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொண்டார்.
கையெழுத்து இன்னும் விழவில்லை.